கோவாவுக்கு ஒரு செமி ஃபைனல் பயணம்

மார்ச் 6, 2020, வெள்ளி. ரயிலில்

வாரத்துக்கு ஒரு முறை ஓடும் வாஸ்கோ எக்ஸ்பிரஸ். சென்ட்ரலில் நீல ஜெர்சியோடு ஏறியதும் எதிர் சீட்டில் இருந்த அண்ணாச்சி ஒருவர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சிஎஸ்கேன்னா மஞ்சளா இருக்கணுமே தம்பி" என்றார். ஃபுட்பால் அண்ணாச்சி, சென்னையின் எஃப்சி, நாளைக்கு கோவாவுல செமி ஃபைனல் என்றோம். "நம்ம ஊருக்கு ஃபுட்பால் டீம் இருக்கா?" என்று அவர் கேட்க, அரக்கோணம் தாண்டும் வரைக்கும் எங்களுக்குப் பேச விஷயம் கிடைத்துவிட்டது.

அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தத் தொடரைப் படிக்கிற பாதிப் பேர் போன மாதம் வரை ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள். 2015லும் 2018லும் கோப்பை ஜெயித்த அணி நம்முடையது. ஆனால் 2018-19 சீசனில் 18 ஆட்டத்தில் மொத்தமே 9 பாயிண்ட், பட்டியலில் கடைசி இடம். இந்த சீசன் அதைவிட மோசமாகத் தொடங்கியது. முதல் நான்கு ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. நம் சென்னை மைதானமான மெரினா அரீனாவில் உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள், எதிர் டீம் அடித்தால்கூடப் பரவாயில்லை, யாராவது ஒரு கோல் போடுங்கப்பா என்கிற நிலைமை. ஐந்தாவது ஆட்டத்தில், ஹைதராபாத்துக்கு எதிராக, 90 நிமிடமும் பூஜ்யம். அப்புறம் நடுவர் சேர்த்துக் கொடுத்த கூடுதல் சில நிமிடத்தில் நாம் ஒன்று, அவர்கள் ஒன்று, மறுபடி நாம் ஒன்று. அன்றைக்கு பி ஸ்டாண்டில் அழுதவர்களை எனக்குத் தெரியும். அதுக்கு அடுத்த ஆட்டம் டிராவில் முடிந்ததும் 2018ல் கோப்பை வாங்கித் தந்த கோச் ஜான் கிரிகரி கிளம்பிவிட்டார். ஓவன் கோய்ல் வந்தார்.

கோய்ல் யார் என்று கேட்டால், ஸ்காட்லாந்துக்காரர், 2009ல் பர்ன்லி என்கிற சின்ன ஊர் அணியைப் பிளே-ஆஃப் வழியாகவே இங்கிலாந்து பிரீமியர் லீக்குக்கு ஏற்றியவர். ஐந்தாவது இடத்தில் முடித்து, செமியில் ரெடிங்கை அடித்து, வெம்ப்ளியில் ஷெஃபீல்ட் யுனைடெட்டை 1-0. ஆக, கடைசிப் பெட்டியில் ஓடி வந்து தொற்றி ஏறுவது அவருக்குப் பழக்கமான வேலைதான்.

ஆனாலும் உடனே எதுவும் மாறிவிடவில்லை. ஜனவரி 6ம் தேதி ஒடிசாவிடம் 2-0 தோற்றபோது 10 ஆட்டத்தில் 9 பாயிண்ட். அதற்கப்புறம் எட்டு ஆட்டம், ஒரு தோல்வி இல்லை, ஆறு வெற்றி, இரண்டு டிரா. ஜாம்ஷெட்பூரை 4-1, கொச்சியில் போய் கேரளாவை 6-3, கொல்கத்தாவில் ஏடிகேயை 3-1. பெரும்பாலும் அதே ஆட்கள்தான் ஆடினார்கள். அதைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்பதில்லை. நவம்பரில் பந்து கிடைத்ததும் பக்கவாட்டில் தட்டிவிட்டு நின்ற அதே அனிருத் தாப்பாவும் சாங்தேவும் ஜனவரியில் முன்னால் ஓட ஆரம்பித்தார்கள். தப்பு நடந்தால் நடக்கட்டும், நீ போ என்று ஒருத்தர் சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை, பிப்ரவரி 29, சென்னையில் நடந்த முதல் செமியில் கோவாவை 4-1 (செமி இரண்டு ஆட்டம், இரண்டிலும் போட்ட கோலைக் கூட்டித்தான் யார் ஜெயித்தது என்று பார்ப்பார்கள்). நான்குமே இரண்டாம் பாதியில்: கோயன், தாப்பா, எலி சாபியா, சாங்தே. கோவா லீக்கில் 39 பாயிண்டோடு முதலிடம் பிடித்து, ஆசிய சாம்பியன்ஸ் லீக் குரூப் சுற்றுக்குப் போகிற முதல் இந்திய கிளப் ஆனவர்கள். நாம் 29 பாயிண்டோடு நான்காவது. அந்த அணியை நான்கு.

கதை முழுக்கக் கேட்ட அண்ணாச்சி கடைசியாக "அப்ப நாளைக்கு மூணு கோல் வாங்கினாலும் கவலையில்ல" என்றார். வாயைக் கழுவுங்க அண்ணாச்சி என்று நண்பன் சொன்னான், கொஞ்சம் சீரியஸாகவே.

மார்ச் 7, சனி. மட்காவ்

காலையில் காசில் ராக்கில் ரயில் ரொம்ப நேரம் நின்றது. அங்கிருந்து குலேம் வரைக்கும் மலை இறக்கம், 37 அடிக்கு ஒரு அடி சரிவு, அதனால் கூடுதல் இஞ்சின்களை மாட்டி, பிரேக் சோதித்து, அப்புறம்தான் விடுகிறார்கள். சுரங்கம் முடிந்து வெளிச்சம், மறுபடி சுரங்கம். தூத்சாகர் அருவி வந்ததும் பெட்டி முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மார்ச் மாதம் இல்லையா, 310 மீட்டர் பாறையில் நாலைந்து வெள்ளைக் கோடு மாதிரித்தான் தண்ணீர். மழைக்காலத்தில் வரணும் என்று எல்லோரும் எல்லோருக்கும் சொன்னார்கள்.

மட்காவில் இறங்கி, ரூமில் பையைப் போட்டுவிட்டு (ஆன்லைனில் காட்டிய ஜன்னல் அந்த ரூமில் இல்லை, அதைப் பற்றி இப்போது வேண்டாம்), நேராக ஃபதோர்டா. மைதானம் ஊருக்குள்ளேயே இருக்கிறது, நடந்தே போகலாம். வழியெல்லாம் ஆரஞ்சு. குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், பாட்டிமார்கள்கூட ஜெர்சி போட்டிருக்கிறார்கள், அதிலும் ஒரு பாட்டி எங்கள் நீலச் சட்டையைப் பார்த்துக் கட்டைவிரலைக் கீழே காட்டிவிட்டுச் சிரித்தார். இதே மைதானத்தில்தான் 2015 டிசம்பரில் ஃபைனல்: 87வது நிமிடத்தில் அவர்கள் 2-1 என்று முன்னால், அப்புறம் 90வது நிமிடத்தில் அவர்களின் சொந்த கோல் ஒன்று, கூடுதல் நேரத்தில் நம் மென்டோசாவின் கோல் ஒன்று, 3-2 என்று கோப்பை நம் கைக்கு வந்தது. இந்த ஊர்க்காரர்கள் அதை மறக்கவே இல்லை. டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர் உட்பட.

ஆட்டம். எப்படிச் சொல்வது. பத்தாவது நிமிடத்தில் நம் கேப்டன் கோயன் காலில் பட்டு நம் வலைக்குள்ளேயே. 21வது நிமிடத்தில் மூர்ததா ஃபால். இரண்டு. இன்னும் ஒன்று விழுந்தால் 4-4, இத்தனைக்கும் ஆட்டத்தில் கால்வாசிதான் முடிந்திருக்கிறது. சுற்றிலும் இருக்கிற சத்தத்தில் பக்கத்தில் இருக்கிறவன் பேசுவது கேட்கவில்லை, நண்பன் என் தோளைப் பிடித்து உலுக்கி ஏதோ கத்துகிறான், அவன் உதடு அசைவதை மட்டும் பார்க்கிறேன். அண்ணாச்சி முகம் ஞாபகம் வந்தது.

அந்த இடத்தில் பழைய சென்னையின் அணியாக இருந்தால் பத்துப் பேரும் பாக்ஸுக்குள் போய் நின்றிருப்பார்கள். இவர்கள் நிற்கவில்லை. இடைவேளைக்கு அப்புறம் 52வது நிமிடத்தில் சாங்தே. ஏழு நிமிடம் கழித்து வால்ஸ்கிஸ். மொத்தத்தில் 6-3. ஆரஞ்சுக் கூட்டம் மொத்தமும் அமைதியாக, எங்கள் மூலையில் மட்டும் சில நூறு பேர் தொண்டை கிழியக் கத்துகிற அந்தச் சத்தம் எங்களுக்கே வினோதமாக இருந்தது. முன்வரிசையில் ஒருத்தர் கைக்குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு ஆடுகிறார், குழந்தை காதில் பெரிய ஹெட்ஃபோன், அது பாட்டுக்குத் தூங்குகிறது.

சரி, முடிந்தது என்று நினைத்தால் 81ல் எடு பேடியா, 83ல் மறுபடி ஃபால். 4-2. கணக்குப்படி இன்னும் ஒரு கோல் விழுந்தால் சமம். கடைசிப் பத்து நிமிடம் நான் மைதானத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைத்தான் பார்த்தேன். விசில். 6-5.

ஃபைனலுக்குப் போயாச்சு. ஃபைனலும் இதே ஃபதோர்டாவில், அடுத்த சனிக்கிழமை.

மார்ச் 8, ஞாயிறு. கொல்வா

தொண்டை போய்விட்டது. கொல்வா கடற்கரையில் நடந்தோம், குளித்தோம், மீன் சோறு சாப்பிட்டோம். ராத்திரி கடற்கரைக்குப் பக்கத்தில் டிவி வைத்த ஒரு சின்ன பாரில் இன்னொரு செமி. கொல்கத்தாவில் ஏடிகே, பெங்களூரு. முதல் ஆட்டத்தில் 1-0 ஜெயித்திருந்த பெங்களூரு ஐந்தாவது நிமிடத்திலேயே ஆஷிக் மூலம் இன்னொன்று போட்டதும், ஆஹா, 2018 ஃபைனல் மாதிரி மறுபடியும் அவர்களா என்று நாங்கள் கை தட்டினோம். அப்புறம் ராய் கிருஷ்ணா ஒன்று, டேவிட் வில்லியம்ஸ் இரண்டு. 3-1. ஆக, ஏடிகே.

எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயம். ஏடிகே கோச் அந்தோனியோ ஹபாஸின் அணிக்கு இறுக்கிப் பிடித்து ஆடத் தெரியும், முன்னால் ராய் கிருஷ்ணா ஒருத்தர் போதும். நாம்தான் கொல்கத்தாவிலேயே 3-1 அடித்தோம் என்று நண்பன் சொல்கிறான், சரிதான்.

வியாழக்கிழமைக்கு இருந்த ரயில் டிக்கெட்டைக் கேன்சல் செய்தோம். ஆபீஸுக்கு மெயில் போட்டாயிற்று. ஃபைனல் டிக்கெட் போனில் வந்துவிட்டது.

மார்ச் 10, செவ்வாய். பெனாலிம்

ஹோலி. முகத்தில் கலர் இல்லாத ஆள் தெருவில் இல்லை. பனாஜி, பழைய கோவா தேவாலயங்கள் எல்லாம் நேற்று பார்த்தோம், அதையெல்லாம் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் மைதானங்களைப் பற்றி எழுதுகிறேன்.

தெற்கு கோவாவில் ஸ்கூட்டர் எடுத்துச் சுற்றினால் தேவாலயத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கோல் போஸ்ட் இருக்கிறது. அறுவடை முடிந்த நெல் வயலில் இருக்கிறது. வயலில் தாள் முள்ளாகக் குத்திக்கொண்டு நிற்க, வெறுங்காலோடு பையன்கள் ஆடுகிறார்கள். 1883ல் வில்லியம் ராபர்ட் லயன்ஸ் என்கிற பாதிரியார் சியோலிமில் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்தார் என்று சொல்வார்கள். 2012ல் கோவா அரசே ஃபுட்பாலை மாநில விளையாட்டாக அறிவித்தது. சல்காவ்கர், டெம்போ, சர்ச்சில் பிரதர்ஸ், ஸ்போர்ட்டிங் என்று ஒரு காலத்தில் இந்தியாவின் மேல் லீக்கில் பாதி இந்தச் சின்ன மாநிலத்து அணிகள். டெம்போ மட்டும் ஐந்து முறை தேசியப் பட்டம். 2016ல் சல்காவ்கர், ஸ்போர்ட்டிங், டெம்போ மூன்றும் ஐ-லீக் என்கிற அந்தத் தேசிய லீக்கை விட்டு விலகின.

சாயங்காலம் ஒரு கிராமத்து மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் ஒரு பெரியவர், எழுபது வயதிருக்கும், எங்கள் சட்டையைப் பார்த்து ஹிந்தியில் பேச்சுக் கொடுத்தார். சல்காவ்கர் ரசிகர். எஃப்சி கோவா ஆட்டத்துக்கும் போவாராம், ஆனால் "அது மகனோட டீம்" என்றார். சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றி அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது: உங்கள் ஆட்கள் இரண்டு கோல் வாங்கியதும் தலையைத் தொங்கப் போடவில்லை, அங்கேயே நாங்கள் தோற்றுவிட்டோம். அப்புறம் சென்னைப் பையன்கள் எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று கேட்டார். எட்வின் வான்ஸ்பால் இருக்கிறார், போன வருஷம் சென்னை சிட்டியோடு ஐ-லீக் ஜெயித்துவிட்டு இங்கே வந்தவர். தன்பால் கணேஷ், வியாசர்பாடிக்காரர். சொல்லிவிட்டு நிறுத்தவேண்டியதாகிவிட்டது. வியாசர்பாடியில் இந்தக் கிராமம் மாதிரி நாலு மைதானம் இருந்தால் என்று ஒரு பேச்சு ஆரம்பிக்கலாம், இன்றைக்கு வேண்டாம்.

ராத்திரி மட்காவில் தள்ளுவண்டியில் ரோஸ் ஆம்லெட். ஆம்லெட்டின் மேல் கோழிக் குழம்பைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, பொடியாக நறுக்கிய வெங்காயம், எலுமிச்சை, கூடவே பாவ். குழம்பில் தேங்காய் வறுத்து அரைத்த வாசம். ஓரத்தில் ஆம்லெட் மொறுமொறுவென்று இருக்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும், இரண்டு நிமிடம் பேசிக்கொண்டிருந்தால் ஊறிவிடும். நான் மூன்று நாளாக இதையேதான் சாப்பிடுகிறேன், நண்பன் இட்லி தேடுகிறான்.

மார்ச் 12, வியாழன். மட்காவ்

காலையிலிருந்தே செய்தி சரியில்லை. உலக சுகாதார நிறுவனம் நேற்று பெருந்தொற்று என்று அறிவித்துவிட்டது. கல்புர்கியில் ஒரு முதியவர் இறந்தது கொரோனாவால்தான் என்று உறுதியாகியிருக்கிறது. மெடிக்கல் ஷாப்பில் மாஸ்க் கேட்டால் சிரிக்கிறார்கள், போன வாரமே தீர்ந்துவிட்டதாம்.

கடைசியில் அதுவும் வந்துவிட்டது: ஃபைனல் பார்வையாளர் இல்லாமல் நடக்கும். டிக்கெட் பணம் திரும்பி வரும்.

நாங்கள் கேன்சல் செய்த ரயில் இன்றைக்குத்தான் கிளம்பியது. நண்பன் அரை மணி நேரம் பேசவே இல்லை.

சென்னையில் பி ஸ்டாண்ட் ப்ளூஸ், சூப்பர் மச்சான்ஸ் ரசிகர் குழு ஆட்களெல்லாம் கிளம்புகிற ஏற்பாட்டில் இருந்தார்கள், குரூப்பில் ஒரே புலம்பல். லீவு போட்டவன், டிரம்மை ரிப்பேர் செய்து வைத்தவன், பேனர் எழுதி முடித்துக் காயப் போட்டவன். முடிவு சரியானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, பல்லாயிரம் பேரை ஒரே இடத்தில் உட்கார வைப்பதற்கு இது நேரமில்லை. ஆனால் சரி என்று தெரிவதால் வயிற்றெரிச்சல் குறைந்துவிடுமா என்ன. நான்கு மாதமாக வெறும் நாற்காலிகள் நிறைந்த மெரினா அரீனாவில் உட்கார்ந்து தோல்வி தோல்வியாகப் பார்த்தவர்களுக்கு, கூட்டம் நிரம்பி வழிகிற ஒரே ஒரு ஆட்டம் கிடைக்கப் போகிற சமயத்தில் கேட்டைப் பூட்டிவிட்டார்கள்.

ஊருக்குக் கிளம்பலாமா என்று கேட்டேன். "இவ்வளவு தூரம் வந்துட்டு? கேட்டுக்கு வெளியே நின்னாவது பாக்கறேன் மச்சான்" என்றான்.

மார்ச் 14, சனி. ஃபதோர்டா

நேற்று ஐபிஎல்லையே ஏப்ரல் 15க்குத் தள்ளிவிட்டார்கள். இன்றைக்கு இது நடக்கிறதே என்று இருந்தது.

ஆறு மணிக்கு மைதானத்துக்குப் போனோம். போலீஸ், தடுப்பு, டிவி வேன். எங்களைப் போலவே ஊர் திரும்பாத ஏழெட்டு நீலச் சட்டைகள், இரண்டு கொல்கத்தாக்காரர்கள். விளக்குக் கம்பங்கள் எரிகின்றன, உள்ளே பந்து அடிக்கிற சத்தம் வெளியே கேட்கிறது. போன சனிக்கிழமை இதே இடத்தில் பக்கத்தில் இருந்தவன் பேச்சுக் கேட்கவில்லை. அணியின் பஸ் உள்ளே போனபோது எல்லோரும் சேர்ந்து கத்தினோம், ஜன்னல் திரைக்குப் பின்னால் யாரோ கை காட்டினார்கள், அது கிரிவெல்லாரோ என்று நண்பனும் இல்லை ஷெம்ப்ரி என்று நானும் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆட்டம் தொடங்குவதற்குள் பக்கத்துத் தெருவில் டிவி இருக்கிற பாருக்கு ஓடினோம். கொல்கத்தாக்காரர்களும் கூடவே.

ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே வால்ஸ்கிஸ் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கூட்டம் இருந்திருந்தால் அந்தப் பந்துக்கு எழும் சத்தத்திலேயே அடுத்த பத்து நிமிடம் நம் பக்கம் சாய்ந்திருக்கும் என்று நான் நம்புகிறேன், யாரும் நிரூபிக்கவும் முடியாது மறுக்கவும் முடியாது. நடந்தது என்னவென்றால் பத்தாவது நிமிடத்தில் ஹாவி ஹெர்னாண்டஸ், 1-0. டிவியில் வீரர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிடுவதும் கோச்கள் கத்துவதும் அப்படியே கேட்கிறது.

ராய் கிருஷ்ணா முதல் பாதியிலேயே காயத்தோடு வெளியே போனார். அப்போது நான் மனதுக்குள் கோப்பையை வாங்கியே விட்டேன். ஆனால் இரண்டாம் பாதி தொடங்கி மூன்றாவது நிமிடத்தில் எடு கார்சியா, 2-0. நம்மவர்கள் விடவில்லை. மறுபடி மறுபடி பாக்ஸுக்குள் போனார்கள், ஏடிகே கீப்பர் அரிந்தம் பட்டாச்சார்யா ஒவ்வொன்றாகத் தடுத்தார். 69ல் வால்ஸ்கிஸ். 2-1. பாரில் மேஜை ஒன்று கவிழ்ந்தது, முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. கடைசி இருபது நிமிடம் முழுக்க நாம்தான். பின்னால் ஆள் இல்லாமல் முன்னேறியதற்குக் கூடுதல் நேரத்தில் விலை கொடுத்தோம், ஹெர்னாண்டஸ் மறுபடியும். 3-1.

ஏடிகேவுக்கு மூன்றாவது கோப்பை. அடுத்த சீசனில் மோகன் பகானோடு சேர்ந்துவிடப் போகிற அணி, இந்தப் பெயரில் கடைசி ஆட்டத்தை ஜெயித்துவிட்டுப் போகிறது. காலி ஸ்டாண்டுக்கு முன்னால் கோப்பையைத் தூக்கினார்கள். வால்ஸ்கிஸுக்கு, அதிக கோல் போட்டவருக்கான கோல்டன் பூட், 15 கோல். மேடைக்கு வந்து வாங்கிக்கொண்டபோது அவர் முகத்தில் சிரிப்பே இல்லை. கொல்கத்தாக்காரர்களில் ஒருவர் எங்களுக்கெல்லாம் சேர்த்து பில் கொடுத்தார். வேண்டாம் தாதா என்றால் கேட்கவில்லை.

மார்ச் 15, ஞாயிறு. பெங்களூரு பஸ்

மட்காவிலிருந்து பஸ். பாதி சீட் காலி. கண்டக்டர் கைக்குட்டையை மூக்கில் கட்டியிருக்கிறார். பெங்களூரில் இறங்கி ராத்திரி ரயில்.

தூக்கம் வராததால் மனதில் இருப்பதை எழுதிவிடுகிறேன். நேற்று தோற்றதற்காக, அந்த மூன்றாவது கோலுக்காக, பின்னால் ஆள் வைத்திருக்கலாமே என்று குரூப்பில் சிலர் ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் இரண்டு மூன்று கோல் வாங்கியபடியே அதைவிட ஒன்று கூடுதலாகப் போட்டுத்தான் இந்த அணி இவ்வளவு தூரம் வந்தது. கேரளாவை 6-3 அடித்தபோது யாரும் அந்த மூன்றைப் பற்றிப் பேசவில்லையே? டிசம்பரில் கோவாவிடம் 4-3 தோற்ற அன்றே எனக்கு இந்த அணி பிடித்துவிட்டது, ஏனென்றால் அதற்கு முந்தைய மாதம் இவர்கள் தோற்கக்கூடத் தயங்கித் தயங்கித்தான் தோற்றார்கள்.

கிளப் நிர்வாகத்தில் யாராவது இதைப் படித்தால் ஒரே ஒரு வேண்டுகோள். ஃபைனலுக்குக் கூட்டிவந்ததற்கு நன்றி, டிக்கெட் பணம் மெதுவாக வரட்டும், அதைவிட முக்கியமாக முதலில் கோய்லோடு உட்கார்ந்து பேசுங்கள், அடுத்து வால்ஸ்கிஸோடு, அப்புறம் கிரிவெல்லாரோவோடு. இந்த மூன்று பேரும் அடுத்த நவம்பரில் நீலச் சட்டையில் இல்லை என்றால் நான் பி ஸ்டாண்டில் என்ன பேசுவேன் என்று எனக்கே தெரியாது. ஹுப்ளியில் டீக்கு நிறுத்தப் போகிறார்கள், இறங்குகிறேன்.